பென்சிலில் எழுதிய அறுபத்து மூன்று பெயர்கள்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை பத்தரை மணிக்கு ஓய்வுபெற்ற கண்டக்டர் பழனியாண்டி கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. தன் போனைக் கவுன்ட்டர் மேல் வைத்து என் பக்கம் திருப்பினார். நலவாசல் ஆப்பிலிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அவருடைய ரத்த அழுத்த மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது, இன்றே சொன்னால் நாளை வீடு தேடி வரும், இருபது சதவீதம் தள்ளுபடி.

"வெள்ளிக்கெழம தீரும்னு எனக்கே தெரியாதுண்ணே. வீட்ல போயி அட்டைய எண்ணிப் பாத்தேன். சரியா மூணு கெடக்கு. எப்பிடிண்ணே கண்டுபிடிச்சாய்ங்க?"

தெரியவில்லை என்று சொன்னேன். தெரியும். ஜனவரி எட்டாம் தேதி பதினைந்து மாத்திரை கொண்ட அட்டை இரண்டு என் கையால்தான் கொடுத்தேன். பில் போட்ட கம்ப்யூட்டரில் இருப்பது நலவாசல் கம்பெனி நாலு வருடம் முன்பு இலவசமாகப் போட்டுத் தந்த பில் மென்பொருள். அப்போது அவர்களுக்குக் கடையும் இல்லை, ஆப்பும் இல்லை. திண்டுக்கல்லில் முப்பத்தெட்டு மெடிக்கல் கடைக்காரர்கள் அதை வாங்கிப் போட்டோம். சென்ற வருடம் பைபாஸ் ரோட்டில் அவர்களே ஒரு கிடங்கு திறந்தார்கள். யார், என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதெல்லாம் முப்பத்தெட்டுக் கடைகளிலிருந்தும் முன்கூட்டியே அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பழனியாண்டி போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருபது சதவீதம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்.

பிப்ரவரி 5, புதன்

இன்சுலின் வைக்கும் பிரிட்ஜ் மறுபடி சத்தம் போடுகிறது. மெக்கானிக் நாளை வருகிறாராம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கம்பெனிக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் ஒரு பெண் பேசினாள். என் கடையில் நான் போட்ட பில், என் வாடிக்கையாளர் பட்டியல், அதன் நகலை எனக்குக் கொடுங்கள், வேறு மென்பொருளுக்கு மாறப்போகிறேன் என்றேன். அவள் மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். வாடிக்கையாளர்களின் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பு கம்பெனிக்கு இருக்கிறதாம், அவர்கள் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நபருக்குத் தர முடியாதாம்.

இருபத்தாறு வருடம் கடை வைத்திருக்கிறேன். நான் மூன்றாம் நபர்.

மங்கையிடம் சொன்னேன். மங்கையர்க்கரசி என் மனைவி. பார்மசி படித்தவள் அவள்தான், லைசென்சும் அவள் பெயரில்தான். அவள் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பாள், நான் பில் போடுவேன். "வர்றவங்ககிட்ட நம்பர் சொல்லுங்க, நம்பர் சொல்லுங்கன்னு நீங்கதான கேட்டு வாங்கி அதுல அடிச்சீங்க" என்றாள். நம்பர் அடித்தால் கடைக்குப் புள்ளிகள் கிடைக்கும் என்றார்கள், ஐந்நூறு புள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது வேறு விஷயம்.

மார்ச் 2, ஞாயிறு

மருந்து வணிகர் சங்கக் கூட்டம். செயலாளர் சிக்கந்தர் பாய் சென்னையிலிருந்து ஒரு வக்கீலம்மாவைப் போனில் பேச வைத்தார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. கடைக்காரனிடமிருந்து எடுத்த தகவலை வைத்து அந்தக் கடைக்காரனோடே போட்டி போடுவது தவறு, அதற்கு டெல்லியில் ஆணையம் இருக்கிறது, தகவலைப் பங்கிட்டுக் கொடு என்று கேட்கலாம். ஆனால் தனிமனிதர் தகவலைப் பாதுகாக்க இன்னொரு சட்டம் இருக்கிறது, அது கொடுக்காதே என்று சொல்லும். கம்பெனி எடுக்கும்போது முதல் சட்டத்தை மறந்துவிடும், கொடுக்கும்போது இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

புகார் கொடுப்பது என்று முடிவானது. வடையில் உப்பு இல்லை.

ஏப்ரல் 19, சனி

ஸ்டெல்லா டீச்சரை இன்று மார்க்கெட்டில் பார்த்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் பிரின்சிக்கு வலிப்பு. பதினாறு வயதில் வந்தது, மாத்திரை போட ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஒன்பது வருடம் அந்த மாத்திரை என் கடையில்தான். கூட்டமாக இருந்தால் டீச்சர் ஓரமாக நிற்பார், நான் கேட்கமாட்டேன். நாப்கினுக்குச் சுற்றுவதுபோலப் பழைய பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு நீட்டுவேன். பக்கத்தில் நிற்பவர் நாப்கின் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொள்வார். இதெல்லாம் எந்த ஆப்புக்கும் தெரியாது.

சென்ற ஆகஸ்ட் முதல் டீச்சர் வருவதில்லை. இன்று என்னைப் பார்த்ததும் கீரைக்காரியிடம் குனிந்துகொண்டார். ஒன்பது வருடம். நானும் பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள். ஆணையம் விசாரணையைத் தொடங்கும் முன்பே கம்பெனி வக்கீல் அழைத்துப் பேசினாராம். திண்டுக்கல் பகுதி விற்பனைத் தகவலைச் சங்கத்தோடு மாதாமாதம் பங்கிட்டுக் கொள்வார்கள். பெயர், போன் நம்பர், கதவு எண் எதுவும் இருக்காது. அவற்றை நீக்கிவிட்டால் அது எந்த மனிதருடைய தகவலும் இல்லை என்பது இரண்டு வக்கீல்களும் ஒத்துக்கொண்ட கருத்து. சரக்கு எவ்வளவு வாங்கி வைக்கலாம் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துவோம், யார் என்று கண்டுபிடிக்க முயலமாட்டோம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டோம். சிக்கந்தர் பாய் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 28, சனி

பட்டியல் வந்தது. எங்கள் பகுதிக்கு நானூற்றுப் பன்னிரண்டு வரி. தேதி, தெரு, வயது, ஆணா பெண்ணா, மருந்து, எண்ணிக்கை.

சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இது வெறும் எண்கள். பெயரை நீக்கியவர்கள் திண்டுக்கல்லுக்கு வந்ததே இல்லை போலிருக்கிறது. ஆர்.வி. நகர், ஆண், எழுபத்தொன்று, சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, பிராஸ்டேட்டுக்கு ஒன்று, கண் சொட்டு மருந்து: ரிட்டயர்டு தாசில்தார். அந்தத் தெருவில் அந்த நான்கையும் சேர்த்து வாங்குகிறவர் வேறு யாரும் இல்லை. வேலு ஐயர் சந்து, பெண், முப்பத்து நாலு, மனச்சோர்வு மாத்திரை: நகைக்கடைக்காரரின் இரண்டாவது மருமகள். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதினேன். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று.

அறுபத்து மூன்று பேரும் என்னை விட்டுப் போனவர்கள். யார் எங்கே போனார்கள் என்று தெரியாமல் ஒரு வருடமாகத் திணறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இங்கே எழுதி மாளாது.

நாற்பத்தெட்டாவது பெயர்: அருளானந்தபுரம், பெண், இருபத்தாறு. வலிப்பு மாத்திரை, அறுபது. கூட மே மாதத்திலிருந்து போலிக் ஆசிட், ஐந்து மில்லிகிராம். அடுத்து தீர்வது ஜூலை பதினாறு. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு டாக்டர் எப்போது போலிக் ஆசிட் எழுதுவார் என்று மங்கையிடம் பொதுவாகக் கேட்டேன். கல்யாணம் பண்ணி குழந்தைக்குத் தயாராகும்போது என்றாள்.

ஆக, பிரின்சிக்குக் கல்யாணம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இந்த வாரம் பதினொரு பேருக்குப் போன் செய்தேன். சும்மா நலம் விசாரிப்பதுபோல. நாலு பேர் திரும்பி வருவதாகச் சொன்னார்கள். பட்டியலைப் பற்றி மங்கையிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேலை அதிகம்.

ஜூலை 13, ஞாயிறு

கடையைப் பதினொரு மணிக்கு அடைத்தேன். ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன், இருபது சதவீதம் தள்ளுபடியில். விருந்தாளிகள் இருந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். வந்துவிட்டேன்.

மதியம் ஆட்டுக்கறி. மழை வரும்போலிருந்து வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

பிரின்சிக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுவிட்டதாக மங்கை கேள்விப்பட்டு வந்தாள். மாப்பிள்ளை வீடு மதுரை. சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை எழுதும் முன்பே ஃபாதரிடம் போய், பெண்ணுக்குச் சீக்கு இருப்பதை மறைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். எப்படித் தெரிந்ததோ என்று மங்கை சொன்னாள். நான் காலாவதியான மருந்துகளை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பெட்டி.

ஜூலை 24, வியாழன்

டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் விட்ட நேரம். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார், பழைய மாதிரி. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அண்ணே, உங்க கடையில வாங்குறத நிறுத்தி பதினோரு மாசமாச்சு. இந்த மாசம் மாத்திர தீரப்போகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்றேன்.

"எந்தக் கணக்கு? நான் கணக்கு டீச்சர். எனக்கும் சொல்லுங்க."

மங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பிறகு சொன்னார்: என் கடை வாசலில் எப்போதும் அவர் பள்ளிக்கூடத்துத் தாய்மார்கள் நிற்கிறார்கள், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகு பயம் அதிகமாகிவிட்டது, ஆப்பில் வாங்கினால் ஒட்டின பெட்டியாக வருகிறது. "உங்கமேல நம்பிக்க இல்லாமப் போகலண்ணே. உங்க வாசல்ல நிக்கத்தான் முடியல." ஏப்ரலில் மார்க்கெட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று தெரியாமல்தான் குனிந்தாராம்.

அவர் போனதும் மங்கை ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள். அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பெரியம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். நான் மருந்தைப் பேப்பரில் சுற்றவில்லை. கடையின் பெயர் போட்ட வெள்ளைக் கவரில் கொண்டுபோயிருந்தேன், டீச்சர் யாரை விட்டுவிட்டுப் போனார் என்பது அவருக்குத் தெரியட்டும் என்று. யாருக்கு உடம்பு சரியில்லை என்று பெரியம்மா கேட்டார். டீச்சர் தனக்குத்தான், சத்து மாத்திரை என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பாப்பாவுக்கு வழக்கமா குடுக்கறதுதான், பத்து வருசமா நம்ம கடதான்" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா கவரைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். அதன் பிறகுதான் காப்பி வந்தது. குடித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

சிக்கந்தர் பாய் வீட்டில் அவர், சங்கப் பொருளாளர், நான் என்று மூன்று பேர். நடந்ததைச் சொன்னேன். பென்சில் பட்டியலைக் கொளுத்திவிடச் சொன்னார்கள். நான் பெயர் கண்டுபிடித்தது வெளியே தெரிந்தால் கம்பெனி சமாதானத்தை ரத்து செய்யும், முப்பத்தெட்டுக் கடைக்கும் நஷ்டம். பாய்க்கு இன்னொரு யோசனையும் இருந்தது.

"தனா, அந்தப் புள்ள மருந்து வாங்கினது ஆப்புல. ஊருக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டையும் சேத்து ஒரு நோட்டீஸ் அடிப்போம். நடுவுல நீ எதுக்கு வர்ற?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

நோட்டீஸ் வந்துவிட்டது. 'உங்கள் நோய் உங்கள் ரகசியம். ஆப்பிடம் கொடுத்து அவமானப்படாதீர்கள். அருளானந்தபுரத்தில் நின்றுபோன கல்யாணம் தெரியுமா?' கீழே சங்கத்தின் பெயர். நம் கடைக் கண்ணாடியிலும் ஒன்று ஒட்டியிருந்தது. மங்கை அதை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாதி வரவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள்.

தெருப் பெயர் போட்டிருக்கிறார்கள். அந்தத் தெருவில் நின்றுபோன கல்யாணம் எத்தனை இருக்கும்? இதை அச்சடித்தவனுக்கு வெட்கமில்லையா? நான் பாய்க்குப் போன் செய்து கத்தினேன். அவர் அமைதியாக, பெயர் போடவில்லையே என்றார்.

ஜூலை 31, வியாழன்

பிரின்சி வந்தாள். தனியாக. மதுரையில் வேலை பார்க்கிறாள், இன்று லீவு போட்டிருக்கிறாள். கையில் அந்த நோட்டீசும் இரண்டு தாள்களும். கம்பெனிக்கு மெயில் எழுதி, தன்னைப் பற்றிய தகவலை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். முதலில் மழுப்பினார்களாம். மூன்றாவது மெயிலுக்குப் பதில் வந்திருக்கிறது: பெயர் நீக்கிய தகவல், திண்டுக்கல் மருந்து வணிகர் சங்கத்துக்கு.

"பேரே இல்லாத பேப்பர்ல என்னைய எப்பிடி அங்கிள் கண்டுபிடிச்சீங்க?"

சொன்னேன். தெரு, வயது, மாத்திரை, போலிக் ஆசிட். போலிக் ஆசிட் என்றதும் அவள் நோட்டீசைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள்.

"அது நானே டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்குனது. கட்டிக்கப்போறவருகிட்ட என் வலிப்பப் பத்தி மே மாசமே சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும், ஒத்துக்கிட்டாரு. அவங்க வீட்ல எப்ப, எப்பிடிச் சொல்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருந்தோம். ஆகஸ்ட்ல சொல்றதா இருந்தோம். நீங்க ஜூலைல வந்துட்டீங்க."

மாப்பிள்ளை இப்போது என்ன சொல்கிறார் என்று மங்கை கேட்டாள். போன் எடுப்பதில்லை என்றாள்.

அவளுக்கு என்னிடம் வேண்டியது மன்னிப்பு இல்லை. அந்தப் பட்டியல் வேண்டும், பென்சில் எழுத்தோடு. பெயரை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கம்பெனி சொல்வது பொய் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. புகார் கொடுக்கப்போகிறாள்.

தர முடியாது என்றேன். காரணமும் சொன்னேன். அந்தத் தாள்களில் இன்னும் அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் அதை வெளியே கொடுப்பது சரியில்லை.

பிரின்சி தன் தாள்களை மடித்தாள். மங்கைதான் பேசினாள், சீட்டைப் படிக்கும் குரலில். "இதையேதான அந்தக் கம்பெனிக்காரியும் பிப்ரவரில உங்ககிட்ட சொன்னா? அன்னைக்கு வீடே அதிர்ற மாதிரி கத்துனீங்க. அந்த அறுவத்தி ரெண்டு பேரையும் இத்தன நாளு எங்க வச்சிருந்தீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிரின்சி போய்விட்டாள்.

ஆகஸ்ட் 2, சனி

கொளுத்தவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பட்டியல் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. ரப்பரால் மற்றப் பெயர்களை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழித்தால் நான் திருத்தியதாக ஆகும். கொடுத்தால் சங்கத்திலிருந்து வெளியே அனுப்புவார்கள். லைசென்சுக்கே ஆபத்து வரலாம், அது மங்கை பெயரில் இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். "அது என் லைசென்சு. அதப் பத்தி நான் கவலப்பட்டுக்கறேன்" என்றாள்.

இன்சுலின் சரக்கு வந்தது. ஐஸ் உருகியிருந்தது. திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வழி மிகச் சுலபமாக இருந்தது. பத்து நிமிட வேலை. பட்டியலின் மூலத் தாள்களை ஒரு கவரில் போட்டு ஒட்டி, விசாரிக்கும் அதிகாரி மட்டும் பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதினேன். அதற்கு முன் நாற்பத்தெட்டாவது பெயர் இருக்கும் வரியைத் தவிர மற்றவற்றைப் பேப்பர் துண்டுகளால் மறைத்து நகல் எடுத்தேன். பட்டியலை என்னிடம் கொடுப்பதற்கு முன்பு கம்பெனியும் யோசித்திருக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு வக்கீல்கள் யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் வேண்டியது அவரவருக்குக் கிடைத்துவிட்டது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. கம்பெனிமேல் இருந்த கோபம் ஒரு துளி குறையவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்ததைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சிக்கந்தர் பாயிடம் போய் நேரில் சொன்னேன். இனிமேல் நீ யாரோ நான் யாரோ என்றார். இருபது வருடப் பழக்கம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பிரின்சி புகார்ப் படிவத்தோடு வந்தாள். டீச்சரும் வந்திருந்தார், உள்ளே வரவில்லை, எதிர்ப்பக்கம் பேக்கரி வாசலில் நின்றார். கவரையும் நகலையும் கொடுத்தேன். மற்ற அறுபத்திரண்டு பேரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று பிரின்சி சொன்னாள். நேற்றே தாசில்தாரிடமிருந்து ஆரம்பித்துவிட்டேன் என்றேன். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். கதவைச் சாத்திவிட்டார்.

அவள் அங்கேயே கவுன்ட்டரில் வைத்துப் படிவத்தை நிரப்பினாள். இருமல் மருந்துக்கு ஒருவர் வந்தார், நாப்கினுக்கு ஒரு பெண் வந்தாள். மங்கை அவர்களைக் கவனித்தாள். புகார் யார்மீது என்ற இடத்தில் முதலில் கம்பெனியின் பெயர், இரண்டாவது சங்கத்தின் பெயர். மூன்றாவதில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அங்கிள், உங்க இனிஷியல் என்ன?"

சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டாள். வயது, கடையின் முகவரி, பின்கோடு. ஒன்றும் விட்டுப்போகாதபடி வரிசையாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.